மூன்று டயோடில் ஓடிய சார்ஜர்

என் கை பட்டு எந்த பேட்டரியும் கெடவில்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். நம் வகுப்புக் குழுவில் போன வாரம் எல்லோரும் மின்வெட்டுக் காலத்து நினைவுகளை எழுதினீர்கள். அதில் ஒருத்தி, "நீ சடங்கான சமயம் உங்க கடை பேட்டரியெல்லாம் செத்துப்போச்சே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டு, பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மையும் போட்டிருந்தாள். ஞாபகம் இருக்கிறது. அந்தக் கதை நாகல் நகரில் இன்னும் அப்படியே உலவுகிறது என்பதுதான் எனக்குப் புதிது.

மற்றவர்கள் எழுதியதையும் படித்தேன். மொட்டை மாடியில் பாய் விரித்தது, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கணக்குப் போட்டது, தெருவே வாசலில் உட்கார்ந்து பேசியது. உங்களுக்கு அது இனித்திருக்கலாம். எனக்கு நினைவில் நிற்பது ஒரு மூலை, ஒரு தனித் தட்டு, ஒரு சுவர், சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சார்ஜரின் சத்தம்.

எங்கள் வீட்டின் முன்னறைதான் கடை. பின்னால் நாங்கள் குடியிருந்தோம். நடுவில் ஒரு சுவர், ஒரு கதவு, கதவுக்குப் பழைய சேலையில் ஒரு திரை. அப்பா பேட்டரி சார்ஜ் போடுகிறவர். ஆட்டோ பேட்டரி, டிராக்டர் பேட்டரி, மைக்செட் பேட்டரி எப்போதும் வரும். அந்த வருஷம் கரண்ட் இருக்கிற நேரம் போதாமல் வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரிகளும் வந்து குவிந்தன. கரண்ட் வந்ததும் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஏற்றிவிட வேண்டும். அடுத்து எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது.

கடையில் இருந்தவற்றைச் சொல்கிறேன். எதுவும் இப்போது இல்லை. ஆசிட் தின்று கால்கள் கரைந்த மரப் பலகை. ஆசிட்டின் கனம் பார்க்கும் கண்ணாடிக் குழாய், அதன் தலையில் வெடித்துப்போன ரப்பர் குமிழ். சிவப்பு, கறுப்பு கிளிப்புகள் தொங்கும் ஆணி. ஆசிட் சிந்தினால் கழுவ, வெந்நீரில் சோடா உப்பைக் கரைத்து வைத்த அலுமினிய வாளி. துணி மூட்டையில் என் பழைய பள்ளிப் பாவாடைகள். துளித்துளியாக ஓட்டை விழுந்தவை, துடைக்க மட்டும் ஆகும். சார்ஜ் ஏறும்போது பேட்டரிக்குள் குமிழ்கள் பொரியும். சோறு கொதிப்பதற்கு முன் வருகிற மெல்லிய சலசலப்பு அது. அந்த நேரத்தில் மூக்கில் ஒரு புளித்த நெடி ஏறும். எனக்கு அது பிடிக்கும். பள்ளி விட்டதும் புத்தகப் பையை எறிந்துவிட்டு அங்கேதான் போவேன். கிளிப் மாட்டுவது, மூடி திறந்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றுவது, முனைகளைத் தேய்த்து வாஸ்லின் தடவுவது எல்லாம் என் வேலை. யாரும் ஏவியதில்லை.

சார்ஜர், பீரோவில் பாதி உயரம். சாம்பல் நிறம், ஒரு மீட்டர், ஒரு பெரிய திருகு. பின்பக்கத் தகடு எப்போதோ தொலைந்து போனதால் உள்ளே இருப்பது தெரியும். அலுமினியப் பலகைகளில் நான்கு டயோடுகள், ஒவ்வொன்றும் கட்டைவிரல் பருமன். வீட்டுக்கு வருகிற கரண்ட் ஒரே திசையில் ஓடாது. முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும். பேட்டரிக்கு அது ஆகாது. ஒரே திசையில் போனால்தான் ஏறும். டயோடு என்பது கிணற்று மோட்டாரின் புட்வால்வு மாதிரி. ஒரு பக்கம் விடும், மறுபக்கம் விடாது. நான்கைப் பாலம் போலக் கோத்துக் கட்டினால், கரண்ட் எந்தப் பக்கம் ஆடி வந்தாலும் வெளியே போவது ஒரே பக்கம்தான். முன்னாட்டத்துக்கு இரண்டு, பின்னாட்டத்துக்கு இரண்டு.

நான்கில் ஒன்று எரிந்து அறுந்துவிட்டால் சார்ஜர் நிற்காது. அதுதான் அதில் உள்ள சூது. பாதி ஆட்டம் வீணாகும், மீதிப் பாதியில் ஓடிக்கொண்டே இருக்கும். விளக்கு எரியும், முள் அசையும், சத்தம் வரும். பேட்டரி மட்டும் அரைவயிற்றோடு எழுந்து போகும்.

இன்று நான் இதே மாதிரி கருவிகளை வடிவமைத்துச் சோதிக்கும் வேலையில் இருக்கிறேன். ஆனால் இது எனக்குக் கல்லூரியில் தெரிந்ததல்ல. கடையில் ஒரு பிஸ்கட் டின் நிறைய உதிரி டயோடுகள் கிடந்தன. மற்றப் பிள்ளைகளுக்குச் சொப்புச் சாமான் என்றால் எனக்கு அது. டார்ச் பல்பு, இரண்டு செல், ஒரு முழ ஒயர். நடுவில் டயோடை ஒரு பக்கமாக வைத்தால் பல்பு எரியும், திருப்பி வைத்தால் எரியாது. இரண்டு பக்கமும் எரியாவிட்டால் அது செத்தது. அப்பாவுக்கு இதில் ஆர்வமில்லை. சார்ஜர் கெட்டால் மதுரையிலிருந்து ஆளை வரச் சொல்வார்.

அன்று சாயங்காலம் கடையில் இருந்த எல்லா பேட்டரிக்கும் தண்ணீர் ஊற்றி முடித்துவிட்டு, கை கழுவப் பின்கட்டுக்குப் போனபோதுதான் எனக்குத் தெரிந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். அம்மா என்னைப் பார்த்தாள், பாவாடையைப் பார்த்தாள், "அசையாம அங்கயே நில்லு" என்றாள். கொஞ்ச நேரத்தில் அடுத்த தெருவிலிருந்து அத்தை வந்துவிட்டாள். அத்தை என்றால் அப்பாவின் அக்கா. எங்கள் வீட்டில் எது நடந்தாலும் கடைசி வார்த்தை அவளுடையது.

எனக்கு ஒரு மூலை ஒதுக்கப்பட்டது. பாய், தட்டு, டம்ளர், தலைமாட்டில் வேப்பிலை. காத்துக் கருப்பு அண்டாமல் இருக்கப் பக்கத்தில் ஓர் இரும்பும் வேண்டும். அத்தை அரிவாளைத் தேடினாள், கிடைக்கவில்லை. கடைக்குள் போய்க் கைக்கு வந்த ஸ்பேனரை எடுத்து வந்து பாயோரம் வைத்தாள். "இருக்கட்டும். இரும்பு இரும்புதானே" என்றாள். பேய்க்கு எதிராக எனக்கு ஸ்பேனர் கொடுத்த வீடு உலகத்தில் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அந்த மூலையின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் சார்ஜர். அன்றைக்கு இருட்டிய பிறகு கரண்ட் வந்தது, வந்த வேகத்தில் வீட்டு பல்புகள் வெள்ளையாகச் சிலிர்த்து எரிந்தன. ஊரே சுவிட்சைப் போடுவதற்கு முன் வோல்டேஜ் அப்படித்தான் எகிறும். அப்பா வழக்கத்தைவிட அதிகமான பேட்டரிகளை ஒன்றாகக் கோத்திருந்தார். ரீங்காரம் ஒன்று கேட்டது, பிறகு 'டப்' என்று சின்னதாக ஒரு சத்தம். அதன் பிறகு ரீங்காரம் கனத்துவிட்டது. வண்டு பாடுகிற இடத்தில் மாடு முனகுகிற மாதிரி. எனக்கு அப்போதே தெரிந்தது. நான் சொல்லவில்லை என்று நினைக்காதீர்கள். சொன்னேன்.

"அப்பா, சார்ஜர் சத்தம் மாறிருச்சு."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து அத்தையின் குரல்தான் வந்தது. "நீ படு. ஆம்பளைக்கு முன்னாடி குரல் காட்டாத."

அடுத்த நாட்களில் ஆட்டோக்காரர்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். பேட்டரி பாதி வழியில் படுத்துவிட்டதாம். அப்பா எல்லோரிடமும் "லோ வோல்டேஜ்" என்றார். பிறகு மாமா வந்தார். அம்மாவின் தம்பி, எனக்குத் தாய்மாமன், வடமதுரையில் மைக்செட் வைத்திருப்பவர். நான் தனியே இருக்கக் குச்சுக் கட்ட ஓலை கொண்டுவருவார் என்று எல்லோரும் எதிர்பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் கொண்டுவந்தது ஒரு செத்த பேட்டரி.

"மச்சான், நத்தத்துல என் மானம் போச்சு!" தெருவுக்கே கேட்டது. "மாப்பிள்ள தாலியக் கையில பிடிச்சுக்கிட்டு நிக்கிறாரு. ஐயரு கெட்டிமேளம் கெட்டிமேளம்னு கத்துறாரு. நான் நாயனப் பாட்டத் தட்டுறேன், பெட்டி கொர்ர்ருங்குது. பொண்ணு வீட்டுப் பெருசு ஒண்ணு வாயாலயே பீப்பீன்னு ஊதித் தாலிகட்ட வைக்குது மச்சான்! சிரிக்காதீங்க!"

"நான் எங்கடா சிரிச்சேன்? கரண்டு லோ வோல்டேஜுடா மாப்ள."

"தெனமுமா லோ வோல்டேஜு? பக்கத்துக் கடையில போட்டவுகளுக்கெல்லாம் நல்லாத்தானே ஏறுது?"

அப்பாவை முந்திக்கொண்டு அத்தை பேசினாள். "நான் சொல்றேன். சொல்ல வேணாம்னு பாத்தேன். சமைஞ்ச அன்னைக்கு அம்புட்டு பேட்டரிக்கும் அவதான் தண்ணி ஊத்தியிருக்கா. ஊறுகாச் சாடியத் தொட்டாலே பூஞ்சை பூத்துப்போகும். ஆசிட்டுத் தண்ணி தாங்குமா?"

மாமா விடவில்லை. "அப்ப பக்கத்துக் கடைக்காரன் வீட்டுல பொம்பளையே இல்லையா மதினி?"

"நீ பேசாம இரு. ஓலை எங்க?"

நான் திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். "அப்பா, நாலு டயோடுல ஒண்ணு போயிருச்சு. முள்ளப் பாருங்க. எம்புட்டுக் காட்டுது?"

அப்பா முள்ளைப் பார்த்தார் என்றுதான் நினைக்கிறேன். நாற்காலி நகர்ந்த சத்தம் கேட்டது. ஆனால் அவர் சொன்னது, "கம்முன்னு இரு பாப்பா" என்பது மட்டும்.

இன்று அதை யோசிக்கிறேன். அப்பா அத்தை சொன்னதை நம்பவில்லை. நம்பியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது. நம்பாமலே ஒத்துக்கொண்டார். சார்ஜர் பழுது என்றால் கடைக்குக் கெட்ட பெயர். மகளுக்குத் தீட்டு என்றால் ஒரு சடங்கோடு முடிந்துவிடும். இரண்டில் எது சுலபம் என்று பார்த்தார்.

அன்று சாயங்காலம் திரைக்கு அந்தப் பக்கம் நின்றபடியே பேசினார். "சடங்கு முடிஞ்சாலும் இனிமே கடைப் பக்கம் வேணாம் பாப்பா. ஜனங்க ஒரு மாதிரியாப் பேசுறாக. நீ படிப்பப் பாரு."

"டயோடப் பாத்தீங்களாப்பா?"

"வேணாம்னா வேணாம்."

நான் உங்களிடம் ஒளிக்காமல் சொல்கிறேன். மூலை எனக்குப் பெரிதாகப் படவில்லை. தட்டும் டம்ளரும் பெரிதாகப் படவில்லை. அவை சில நாளில் முடிந்துவிடும். இது முடியாதது. வீட்டில் எனக்கென்று இருந்த ஒரே இடம் அந்த முன்னறை. செய்யாத ஒன்றைச் செய்தேன் என்று சொல்லி அதை என்னிடமிருந்து எடுத்துக்கொள்கிறார்கள்.

அம்மா சாப்பாடு கொண்டுவந்தபோது கேட்டேன். "நான் தொட்டதுனாலயாம்மா?"

"எனக்கென்னடி தெரியும்" என்று தட்டை நகர்த்தினாள். பிறகு திரையை ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "மாசா மாசம் நான் தள்ளி உக்காந்தா இந்த வீட்டுல அடுப்பு எரியுமா? ஒங்கப்பா ஊருக்குப் போற நாள்ல கிளிப்பு மாட்டுறது யாரு? எந்த நாளுன்னு பாத்தா மாட்டுறேன்?"

"அப்ப பேட்டரி ஏறுச்சா?"

"ஏறாமயா?"

"இதை அத்தைகிட்டச் சொல்லும்மா."

"சொன்னா, எனக்கும் ஒரு மூலையப் போட்ருவாக. சோத்தத் தின்னு."

சடங்குக்கு முந்தின நாள் மத்தியானம். கரண்ட் இல்லை. அப்பா பந்தல்காரரைப் பார்க்கப் போயிருந்தார். அத்தை தன் வீட்டில். நான் பாயோரம் இருந்த ஸ்பேனரை எடுத்துக்கொண்டு, திரையை விலக்கிக் கடைக்குள் போனேன். முதலில் மெயின் சுவிட்சை அணைத்தேன். பிறகு பேட்டரி கிளிப்புகளைக் கழற்றினேன். ஒவ்வொரு டயோடின் மேல் ஒயரையும் அவிழ்த்து டார்ச் பல்பை வைத்துப் பார்த்தேன். முதலாவது நல்லது. இரண்டாவது நல்லது. மூன்றாவது, ஒரு பக்கமும் எரியவில்லை, மறுபக்கமும் எரியவில்லை. அடியில் கருகிய வாசனை.

நட்டைத் திருகிக்கொண்டிருக்கும்போது பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. அம்மா. என் கையை, ஸ்பேனரை, திறந்து கிடந்த சார்ஜரைப் பார்த்தாள். நான் எழுந்திருக்கவில்லை. அம்மா என்னைத் தாண்டி வாசலுக்குப் போனாள், ஷட்டரைப் பாதி இறக்கினாள், தெருவைப் பார்த்தபடி நின்றுகொண்டாள்.

"எம்புட்டு நேரமாகும்?"

"செத்த நேரம்."

"சீக்கிரம் முடி."

டயோடில் ஓர் அம்புக்குறி இருக்கும். அந்தச் சார்ஜரில் இரண்டுக்கு அம்பு மேலே, இரண்டுக்குக் கீழே. மாற்றி மாட்டினால் எல்லாம் கருகிப்போகும். டின்னைக் கவிழ்த்து, அதே பருமன், அதே அம்பு உள்ளதைத் தேடி எடுத்து, பல்பில் வைத்துப் பார்த்து, மாட்டினேன். சாயங்காலம் கரண்ட் வந்தபோது நான் மூலையில் இருந்தேன். அப்பா சுவிட்சைப் போட்டார். வண்டு பாடியது.

மறுநாள் சடங்கு. தலைக்குத் தண்ணீர் ஊற்றினார்கள், மாமா கொண்டுவந்த பட்டைக் கட்டினார்கள், யார் யாருடையதோ நகைகளை மாட்டி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். வாசலில் மாமாவின் மைக்செட் முந்தின நாள் ஏற்றிய பேட்டரியில் அலறிக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு வந்து, "நேத்துப் போட்ட பேட்டரி சிங்கம் மாதிரி இருக்குண்ணே" என்று அப்பாவிடம் சொன்னார்.

அத்தை சந்தனக் கிண்ணத்தோடு நின்றிருந்தாள். "பாத்தியா? தலைக்குத் தண்ணி ஊத்தப் போறோம்னு முடிவு பண்ணுனதும் ஏறுது பாரு. நான் சொன்னப்ப ஒருத்தரும் நம்பல."

பெண்கள் தலையாட்டினார்கள். அப்பாவும், "அக்கா சொன்னதும் சரியாத்தான் போச்சு" என்றார். எல்லோர் முன்னாலும்.

நான் நாற்காலியை விட்டு எழுந்தேன். பட்டுச்சேலையின் கொசுவத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கடைக்கு நடந்தேன். "எங்கடி போற, போட்டோ எடுக்கணும்" என்று யாரோ சொன்னார்கள். போட்டோக்காரர் உள்பட எல்லோரும் பின்னால் வந்தார்கள். சார்ஜர் ஓடிக்கொண்டிருந்தது.

"முள்ளப் பாத்துக்கங்க" என்றேன். அணைத்தேன். கிளிப்புகளையும் எடுத்துவிட்டு, நேற்று மாட்டிய டயோடின் ஒயரை மட்டும் கழற்றி, எதிலும் படாமல் காகிதத்தில் சுற்றி ஒதுக்கினேன். கிளிப்புகளை மறுபடி மாட்டிப் போட்டேன். முள் பாதிக்குக்கூட வரவில்லை. சார்ஜர் மாடு மாதிரி முனகியது. அணைத்து, மறுபடி ஒயரை மாட்டினேன். போட்டேன். முள் மேலே போனது.

"கழட்டுனா பாதி. மாட்டுனா முழுசு. இத நேத்து மத்தியானம் மாட்டுனேன். நேத்து எனக்குத் தண்ணி ஊத்தல."

அத்தை, "நேத்தா? தீட்டோடயா கடைக்குள்ள வந்த?" என்றாள். நான் இவ்வளவு காட்டியதில் அவளுக்குக் கேட்டது அது ஒன்றுதான். மாமா வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். சிரிப்பு தெருவிலிருந்து கேட்டது. அப்பா மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி சரி, வந்தவுகளைச் சாப்பிடச் சொல்லுங்க" என்றார்.

நீங்கள் ஊரில் கேட்ட கதையில் இந்தப் பகுதி இருந்திருக்காது. 'தண்ணி ஊத்துனதும் பேட்டரி ஏறிருச்சு' என்பதோடு முடிந்திருக்கும்.

சமீபத்தில் அம்மா சொல்லித்தான் தெரியும், அத்தையைச் சடங்கோடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்களாம். கணக்கில் கெட்டிக்காரியாம். அதைக் கேட்டு வருத்தப்பட்டேன். ஆனால் அதனால் அத்தை சொன்னது சரியாகிவிடாது. அவளுக்கு நடந்ததை எனக்கும் நடத்தப் பார்த்தாள் என்பதுதான் அதில் எனக்குத் தெரிகிறது.

அடுத்த மாதம் அந்த நாள் வந்தது. பள்ளி விட்டு வந்ததும் நேராகக் கடைக்குப் போனேன். அப்பா ரசீதுக் கட்டைப் புரட்டுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார். அத்தைக்கு எப்படித் தெரிந்ததோ, வந்து வாசலில் நின்றுவிட்டாள். அந்த நேரத்தில் ஓர் ஆட்டோக்காரர் பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்.

"இன்னைக்கு வேணாம்ப்பா" என்றாள் அத்தை. "நாளைக் கழிச்சு வா."

அவர் அப்பாவைப் பார்த்தார். நானும் அப்பாவைப் பார்த்தேன். அப்பா ரசீதைப் புரட்டினார். உள்ளே திரைக்குப் பின்னால் அம்மாவின் வளையல் சத்தம் நின்றது.

"அண்ணே, எனக்கு இன்னைக்கு வீட்டுக்குத் தூரம். அதைத்தான் அத்தை சொல்றாக" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "பேட்டரிக்கு ஒண்ணும் ஆகாது. நான்தான் கிளிப்பு மாட்டுவேன். போடுறீங்களா, எடுத்துட்டுப் போறீங்களா?"

அவர் முகம் சிவந்துபோனது. என்னைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்தார். பேட்டரி தோளில் அழுத்திக்கொண்டிருந்தது.

"கனமா இருக்கு பாப்பா. எங்க இறக்கட்டும்?"

இடத்தைக் காட்டினேன்.